ஊர் வளர, ஊருக்குள் வேலை பெருக: திருப்பூரை முன்வைத்துச் சில கேள்விகளும் பதில்களும்

சிறு நகரங்களின் கவுன்சிலர்கள், வியாபாரிகள் சங்கத்தார், படித்துவிட்டுச் சொந்த ஊரிலேயே பிழைக்க வழி தேடும் இளைஞர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களுக்குத் திருப்பூரை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அரசு பெரிய ஆலை எதையும் கொண்டுவந்து வைக்காமல், ஊர்க்காரர்கள் கையாலேயே லட்சக்கணக்கான வேலைகள் உருவான ஊர் அது. அதே ஊர்தான் தன் ஆற்றையும் பாழாக்கியது. இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும்.

ஓர் ஊரின் பொருளாதாரம் வளர்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு கேள்விகளுக்கு விடை தேடினால் போதும். வெளியிலிருந்து ஊருக்குள் பணம் வருகிறதா? வந்த பணம் ஊருக்குள் எத்தனை கை மாறுகிறது?

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பள நாள். அன்று இரவு கடைவீதியில் நின்று பார்த்தால் இரண்டாவது கேள்விக்கு விடை கண்ணெதிரே கிடைக்கும். மளிகைக்கடைப் பாக்கி தீர்கிறது. பரோட்டாக் கடையில் உட்கார இடமில்லை. சீட்டுப் பிடிப்பவர் நோட்டோடு வாசலில் நிற்கிறார். மறுநாள் ஞாயிறு, துணிக்கடையிலும் செருப்புக்கடையிலும் கூட்டம். ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ ஒருவர் சட்டைக்குக் கொடுத்த பணத்தின் ஒரு துளி இப்படித்தான் கீரைக்காரர் வரைக்கும் வந்து சேர்கிறது.

புதிய கட்டடங்களும் மேம்பாலங்களும் வளர்ச்சிக்கு அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். சம்பள நாளன்று கடைவீதி எப்படி இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அப்படி என்ன பெரிதாக வளர்ந்துவிட்டது திருப்பூர்?

1985இல் இங்கிருந்து போன ஏற்றுமதியின் மதிப்பு ஏறத்தாழ 15 கோடி ரூபாய். 2024-25இல் அது 40,000 கோடி ரூபாயை ஒட்டி நின்றது. உள்நாட்டு வியாபாரம் தனி. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஒரே ஊரிலிருந்து போகிறது. நேரடியாக வேலை பார்ப்பவர்கள் ஆறு லட்சம் பேர் வரை என்று தொழில் அமைப்புகள் கணக்குச் சொல்கின்றன.

மக்கள்தொகையும் அதையே காட்டுகிறது. சுற்றுப்புறங்களையும் சேர்த்து 2001 கணக்கெடுப்பில் ஐந்தரை லட்சமாக இருந்தது, 2011இல் ஒன்பதரை லட்சத்தைத் தாண்டியது. 2008இல் மாநகராட்சி ஆயிற்று, 2009இல் தனி மாவட்டத்தின் தலைநகர் ஆயிற்று. ஊர் முதலில் வளர்ந்துவிட்டது, நிர்வாகம் பின்னால் ஓடிவந்து சேர்ந்தது.

இந்தத் தொழிலை அங்கே கொண்டுவந்தது யார்?

ஒரு பெயரைச் சொல்லிவிட முடியாது. சுற்றிலும் பருத்தி விளைந்த கொங்குப் பூமி. பருத்தி அரைக்கும் ஜின்னிங் ஆலைகள் முன்பே இருந்தன. கோவையில் நூற்பாலைகள். சென்னை - கோவை ரயில் பாதை ஊர் நடுவே போகிறது. 1920, 30களில் கையால் சுற்றும் பின்னல் எந்திரங்கள் வந்தன. கல்கத்தா பனியன் பெயர்பெற்றிருந்த காலத்தில் இங்கும் உள்பனியன் தைக்கத் தொடங்கினார்கள். பல பத்தாண்டுகள் அது வெள்ளை உள்பனியன் ஊர்தான்.

1978இல் வெரோனா என்ற இத்தாலிய வணிகர், மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாகத் திருப்பூருக்கு வந்து டி-ஷர்ட் கேட்டார். 1980களில் ஐரோப்பியக் கடைகள் நேரடியாக ஆர்டர் கொடுக்க ஆரம்பித்தன. 1990இல் ஏற்றுமதியாளர் சங்கம் உருவானது.

இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. கம்பெனி வைத்தவர்களில் பெரும் பகுதியினர் பரம்பரைப் பணக்காரர்கள் அல்லர். தோட்டத்து வேலையை விட்டுவிட்டுப் பனியன் கம்பெனியில் கூலிக்குச் சேர்ந்து, தொழிலைக் கற்று, ஒரு துண்டு நிலத்தை விற்றோ சொந்தபந்தங்களிடம் கைமாற்று வாங்கியோ நான்கு எந்திரம் போட்டவர்கள். கூலிக்காரர் முதலாளி ஆகும் வழி அங்கே திறந்திருந்தது. ஆனால், அந்த வழி எல்லோருக்கும் ஒரே அகலத்தில் திறக்கவில்லை. விற்க நிலமும் கடன் கொடுக்க உறவும் இருந்த சாதியினருக்கு அது எளிதாக இருந்தது. நிலமில்லாத தலித் குடும்பங்களில் கைத்திறன் இருந்தும் பலர் கடைசிவரை எந்திரத்தின் முன்னாலேயே உட்கார்ந்திருக்க நேர்ந்தது. வங்கிக் கடனும் மானியமும் ஏன் தேவை என்பதற்கு இதைவிட நேரான காரணம் இல்லை.

ஒரே ஒரு சட்டை எத்தனை பேருக்கு வேலை கொடுக்கும்?

நூலிலிருந்து தொடங்குவோம். கோனில் சுற்றிய நூல் நிட்டிங் பட்டறைக்கு வருகிறது. வட்ட எந்திரத்தில் அது குழாய்போலத் துணியாகி இறங்குகிறது. இன்னும் சாயமேறாத அந்தத் துணி சாயப்பட்டறைக்குப் போகிறது. சாயமேறிய துணியைச் சுருக்கம் எடுத்து அளவுக்குக் கொண்டுவர காம்பாக்டிங் பட்டறை. அதன்பின் கட்டிங் மாஸ்டர் மேசை மேல் அடுக்கடுக்காக விரித்து வெட்டுகிறார். பிரிண்டிங்கோ எம்பிராய்டரியோ இருந்தால் வெட்டிய துண்டுகள் மறுபடி வெளியே போய்த் திரும்பும். பிறகு பவர்டேபிள் என்னும் தையல் எந்திர வரிசை: ஓவர்லாக்காரர் பக்கத்தை இணைப்பார், பிளாட்லாக்காரர் அடிமடிப்பை அடிப்பார், கழுத்துப் பட்டையை வேறொருவர் ஏற்றுவார். உதவிக்கு நிற்பவர்கள் துண்டுகளை எடுத்துக்கொடுத்துத் தைத்ததை அடுக்கிக்கொண்டே இருப்பார்கள். செக்கிங்கில் பெண்கள் ஒவ்வொரு உருப்படியையும் உள்ளும் வெளியும் திருப்பிப் பார்த்து, கையடக்கக் கட்டரால் பிசிறு நூலை வெட்டி, ஓட்டை இருந்தால் அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவைப்பார்கள். அயர்ன். பேக்கிங். பெட்டி தூத்துக்குடித் துறைமுகத்துக்கு.

இதில் கவனிக்க வேண்டியது, பல கட்டங்கள் வெவ்வேறு முதலாளிகளின் வெவ்வேறு பட்டறைகளில் நடக்கின்றன என்பதுதான். இதை ஜாப் ஒர்க் என்கிறார்கள். இடையில் துணி மூட்டைகளைச் சுமந்து ஓடும் சிறு வண்டிகள், எந்திரம் பழுது பார்ப்பவர்கள், ஊசி விற்பவர்கள், அட்டைப்பெட்டி செய்பவர்கள், லேபிள் அச்சடிப்பவர்கள், பட்டறை வாசலில் டீ கொண்டுவருபவர்கள் எல்லோருக்கும் அதே சட்டையில் கூலி இருக்கிறது. எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் இருந்திருந்தால் முதலாளி ஒருவராக இருந்திருப்பார். நான்கு எந்திரத்தோடு ஒருவர் உள்ளே நுழைய இடம் கிடைத்திருக்காது.

அதைவிட ஒரு பெரிய ஆலையை எங்கள் ஊருக்குக் கொண்டுவருவது சுலபம் இல்லையா?

வந்தால் நல்லதுதான். வந்த ஆலை ஊரோடு ஒட்டுகிறதா என்று பாருங்கள்.

ஓசூரில் 1970களில் மாநில அரசு நிறுவனமான சிப்காட்டின் தொழிற்பேட்டை அமைந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பெரிய ஆலைகள் வந்தன. அவற்றுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. ஆலை ஊருக்குள் வேர்விட்டது.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா கதை வேறு. 2006இல் உற்பத்தி தொடங்கி, உலகின் மிகப்பெரிய கைபேசி ஆலைகளில் ஒன்றாக நிமிர்ந்தது. நிறுவனத்தின் கைபேசித் தொழில் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியபோது வரி வழக்கு காரணமாக இந்த ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1 அன்று நின்றுபோனது. சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து வேன் ஏறி வந்துகொண்டிருந்த ஆயிரக்கணக்கான இளம் பெண்களும் ஆண்களும் ஒரே முடிவில் வேலை இழந்தார்கள். பின்னர் அதே கட்டடத்துக்கு வேறு நிறுவனம் வந்தது. அதற்குள் பல ஆண்டுகள் போய்விட்டன.

ஆகவே, ஆலைக்கு நிலமும் மின்சாரச் சலுகையும் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்: எதையெதை உள்ளூரில் வாங்குவீர்கள்? உள்ளூர்ப் பட்டறைக்குத் தரம் கற்றுக்கொடுப்பீர்களா? பதிலை வாயால் கேட்டுக்கொண்டால் போதாது, ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும்.

எங்கள் ஊரில் தொழில் என்று சொல்லிக்கொள்ள எதுவுமே இல்லையே?

பெரும்பாலான ஊர்களில் இருக்கிறது. கண்ணில் படாமல் இருக்கிறது. திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குப் பெயர்பெற்றது. நாமக்கல்லுக்கு முட்டையும் லாரியும். கரூருக்கு வீட்டு உபயோகத் துணிகள், கொசுவலை, பஸ் பாடி. ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவத்துக்கான கட்டுத்துணி. ஆம்பூருக்குத் தோல். இவற்றில் எதையும் யாரோ சென்னையில் உட்கார்ந்து திட்டமிட்டு அங்கே கொண்டுபோய் வைக்கவில்லை.

இல்லாத தொழிலைக் கற்றுக்கொண்டும் வரலாம். வானம் பார்த்த பூமியான சிவகாசியிலிருந்து 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். பட்டாசும் அச்சுத் தொழிலும் பிறகு அதைப் பின்தொடர்ந்தன. அந்தத் தொழில்களில் குழந்தைகள் உழைத்ததையும், பட்டாசு ஆலை விபத்துகளில் இன்றும் உயிர்கள் போவதையும் மறைத்துவிட்டு அந்த ஊரைப் புகழ என்னால் முடியாது. ஆனாலும் போய்க் கற்றுவந்த துணிவு பெரியது.

உங்கள் ஊரில் வார்டு வார்டாக நடந்து எழுதுங்கள். யார் வீட்டுத் திண்ணையில் என்ன செய்கிறார்கள், அதை யார் வாங்குகிறார்கள், மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது, எந்த வேலைக்கு வெளியூருக்கு அனுப்புகிறார்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். வெளியூருக்குப் போகும் அந்த வேலைதான் உங்கள் ஊரின் அடுத்த பட்டறை.

மாநகராட்சிக்கும் நகராட்சிக்கும் இதில் என்ன பொறுப்பு? குப்பை அள்ளுவதும் விளக்குப் போடுவதும்தானே அவர்கள் வேலை?

அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் 1992இல் நிறைவேறியது. அதன் வழி வந்த பன்னிரண்டாவது அட்டவணை, நகர அமைப்புகளுக்குக் கொடுக்கக்கூடிய 18 பணிகளைச் சொல்கிறது. பொருளாதார, சமூக வளர்ச்சிக்குத் திட்டமிடுவது அவற்றில் ஒன்று. காகிதத்தில் இருக்கிற அளவுக்கு நடைமுறையில் இல்லை என்பது உண்மை. ஆனால், கவுன்சிலர் கூட்டத்தில் எழுந்து கேட்க அந்த வரி போதும்.

குப்பையும் விளக்கும் சிறிய வேலை என்று யார் சொன்னது? இரவு ஷிப்ட் முடிந்து ஒரு பெண் வீட்டுக்கு நடந்துபோகும் தெருவில் விளக்கு எரிந்தால்தான் அவள் மறுநாளும் வேலைக்கு வருவாள். மூட்டை வண்டி போக முடியாத சந்தில் பட்டறை நிலைக்காது. 2021இல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது. பக்கத்துக் கிராமத்துப் பெண் டிக்கெட் செலவுக்கு அஞ்சாமல் தொலைவிலுள்ள நல்ல வேலையைத் தேடிப்போக அது வழி செய்தது. பஸ் நேரத்தை ஷிப்ட் நேரத்தோடு பொருத்திவிட்டால் அந்தப் பலன் இரட்டிப்பாகும். அதற்குப் பெரிய நிதி ஒன்றும் தேவையில்லை.

தண்ணீர் இல்லாத ஊரில் தொழில் வளருமா?

திருப்பூரில் வளர்ந்தது, பெரிய விலை கொடுத்து. சாயப்பட்டறைகள் சுற்றுவட்டாரத் தோட்டக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் வாங்கின. வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் பல நாளைக்கு ஒருமுறைதான். கடைசியில் 1,023 கோடி ரூபாய்ச் செலவில் அரசும் தனியாரும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டார்கள். பவானி அருகிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் குழாய் பதித்து, நாளொன்றுக்கு 185 மில்லியன் லிட்டர் கொண்டுவருவது நோக்கம். 2005-06 வாக்கில் தண்ணீர் வந்தது. தொழிற்சாலைகளுக்குக் கூடுதல் விலை, வீடுகளுக்குக் குறைந்த விலை என்று வைத்தார்கள். அந்த ஏற்பாடு சரியானது. தண்ணீரை வைத்துச் சம்பாதிப்பவர், குடிப்பவருக்கும் சேர்த்துக் கொடுக்கட்டும்.

சாயக்கழிவுப் பிரச்சினை உண்மையில் என்ன? அது தீர்ந்துவிட்டதா?

இந்தப் பக்கத்தில் இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

துணிக்குச் சாயம் பிடிக்க உப்பு வேண்டும், நிறைய உப்பு வேண்டும். சாயமேறியபின் அந்த உப்பும் மிச்சச் சாயமும் தண்ணீரோடு வெளியேறும். பல ஆண்டுகள் அது நேராக ஊர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றுக்குப் போனது. கீழே, காங்கேயம் - சென்னிமலைப் பக்கம், ஈரோடு, கரூர் மாவட்ட நிலங்களுக்குப் பாசனம் தருவதற்காக ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை 1992இல் பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அது சாயத்தண்ணீர்த் தொட்டியாக மாறிவிட்டது. அணையைத் திறந்துவிடுங்கள் என்று போராட வேண்டிய விவசாயிகள், தயவுசெய்து திறக்காதீர்கள் என்று கெஞ்சினார்கள். கிணறுகள் உப்பாயின. தென்னை காய்ப்பை நிறுத்தியது. மாடு அந்தத் தண்ணீரைக் குடிக்க மறுத்தது.

விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத முறைக்குப் பட்டறைகள் மாற வேண்டும், இழப்பீடும் தர வேண்டும் என்றது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அப்படியும் நடக்கவில்லை. 2011 ஜனவரி இறுதியில் உயர் நீதிமன்றம் எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொல்லிவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். துணியைச் சாயமேற்ற வெளியூர்களுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. ஆர்டர்கள் நழுவின. வேலை இல்லாமல் பலர் சொந்த ஊருக்குத் திரும்பினார்கள். பாடுபட்டுச் சேர்த்த பெயர் ஒரே உத்தரவில் ஆட்டம் கண்டது.

பிறகு மத்திய, மாநில அரசுகள் வட்டியில்லாக் கடன் கொடுத்தன. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சவ்வு வடிகட்டிகளையும், உப்பு நீரைக் கொதிக்கவைத்து உப்பைப் பிரிக்கும் கொப்பரைகளையும் நிறுவின. இன்று தண்ணீரில் பெரும் பகுதியை மீட்டு மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். உப்பின் ஒரு பகுதியும் திரும்பி வருகிறது. உலகத்தில் இவ்வளவு பெரிய ஜவுளி ஊர் முழுவதும் இப்படி மாறியது அபூர்வம். வாங்க வருபவர்களிடம் இப்போது அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும், அதற்குத் தகுதி உண்டு.

தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. மழைக்காலத்தில் திருட்டுத்தனமாகக் கழிவைத் திறந்துவிடும் பட்டறைகள் இன்னும் பிடிபடுகின்றன. பிரிக்க முடியாத கலப்பு உப்பை என்ன செய்வது என்ற கேள்வி நிற்கிறது. செலவு கூடியதால் சிறிய சாயப்பட்டறைகள் பல திரும்பவே இல்லை. சுத்திகரிப்புச் செலவு துணியின் விலையில் ஏறிக்கொண்டேயிருக்கிறது, சாயக்கழிவை ஆற்றில் விடும் வேறோர் ஊரோடு போட்டி போடும்போது அது வலிக்கிறது.

ஐம்பது பட்டறை இருக்கும்போது சுத்திகரிப்பு நிலையம் கட்டுவது சுலபம். ஐந்நூறு ஆனபின் கட்டுவது நீதிமன்றச் சண்டை. கீழ்க்கரை விவசாயியின் கிணற்றைக் கெடுத்து மேல்கரையில் உருவாக்கும் வேலையைப் புதிய வேலை என்று நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

வெளிமாநிலத்தவர் வந்து நம் பிள்ளைகளின் வேலையைப் பறிக்கிறார்களே?

திருப்பூருக்கு ஆள் வருவது புதிதல்ல. முன்பு தேனி, மதுரை, திண்டுக்கல், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தார்கள். இப்போது பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாமிலிருந்து வருகிறார்கள். அவர்கள் வராவிட்டால் பல கம்பெனிகளில் பாதி எந்திரங்களில் துணி மூடிக் கிடக்கும். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத்தவரைத் தாக்குகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவியபோது கிளம்பிப் போக இருந்தவர்களைக் கையைப் பிடித்து நிறுத்தப் பாடுபட்டது யார்? தொழில் அமைப்புகளும் காவல்துறையும் மாவட்ட நிர்வாகமும்தான்.

நம் பிள்ளைகள் அந்த வேலைக்கு ஏன் போவதில்லை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம், நிற்கவைத்துவிட்டுக் கொடுக்கும் கூலி, அதே நேரத்துக்கு வேறு வேலையில் கிடைப்பதைவிடப் பெரிதாக இல்லை என்றால் யார் போவார்கள்? வந்திருப்பவரையும் பத்துக்குப் பத்து லைன் வீட்டில் ஆறு பேராக அடைத்துவைப்பது ஊருக்கு அழகில்லை. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் சிப்காட் 2024இல் 18,720 பேர் தங்கும் விடுதியைத் திறந்தது. ஆலைக்கு நிலம் ஒதுக்கும்போதே தொழிலாளர் குடியிருப்புக்கும் இடம் ஒதுக்குவது இனிக் கட்டாயம் ஆக வேண்டும்.

பெண்களுக்கு நல்ல வேலையாக இருக்கிறதா?

பனியன் கம்பெனித் தொழிலாளர்களில் பெரும் பகுதி பெண்கள்தான். செக்கிங்கில் கிடைக்கும் வாரச் சம்பளம் பல குடும்பங்களில் மகளின் கல்லூரிக் கட்டணமாக மாறியிருக்கிறது. அதே நேரம், கொங்கு மண்டலத்து நூற்பாலைகள் சிலவற்றில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம் பெண்களை விடுதியில் வைத்து, மூன்றாண்டு முடித்தால்தான் மொத்தத் தொகை என்று சொல்லி வேலை வாங்கியதும் நடந்தது. வெளியே போகத் தடை, பாதியில் நின்றால் பணம் இல்லை. வேலைக்குக் கூலி அந்தந்த வாரமோ மாதமோ கைக்கு வர வேண்டும். திருமணத்துக்கு என்று பிடித்துவைப்பது சம்பளம் ஆகாது.

குழந்தைகள் காப்பகம் பட்டறைக்கு நடந்துபோகும் தூரத்தில் இருந்தால் வேலையை விட்ட தாய்மார்களில் எத்தனையோ பேர் திரும்புவார்கள். சிறு பட்டறைகளால் தனித்தனியாக அதை நடத்த முடியாது. பட்டறைகள் நெருங்கியுள்ள வார்டுகளில் மாநகராட்சி நடத்தலாம்.

கூலியைக் கூட்டினால் தொழில் வேறு இடத்துக்கு ஓடிவிடாதா?

1984இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊர் அழிந்துவிடும் என்றார்கள். அதன்பின்தான் ஏற்றுமதி பல மடங்கு பெருகியது. இன்றும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் உட்கார்ந்து கூலி ஒப்பந்தம் பேசுகின்றன. காண்ட்ராக்ட் முறையில் பீஸ் ரேட்டுக்கு, அதாவது உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு, உழைப்பவர்களை அந்த ஒப்பந்தம் முழுதாக எட்டுவதில்லை, அது பெரிய குறை.

குறைந்த கூலியில் வங்கதேசத்தை நாம் ஒருபோதும் முந்தப் போவதில்லை. ஐரோப்பாவுக்கு வரியின்றி ஏற்றும் வசதி அவர்களுக்கு இருக்கிறது. சிறு ஆர்டரையும் குறுகிய காலத்தில் முடித்துக்கொடுப்பது, புது ரகத்துணி, சுத்தமான சாயம், இவற்றால்தான் போட்டியிட முடியும். அதற்குத் தேர்ந்த கை வேண்டும். தேர்ந்த கைக்குக் கூலி கொடுக்க வேண்டும்.

ஒரே தொழிலை நம்பியிருப்பது ஆபத்து இல்லையா?

ஆபத்துதான். 2021-22இல் நூல் விலை தாறுமாறாக ஏறி, 2022 மே மாதம் கம்பெனிகள் கதவைச் சாத்திப் போராடின. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டது. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆர்டர்கள் நின்றன, ஷிப்ட் குறைந்தது. வாஷிங்டனில் போட்ட கையெழுத்து, செக்கிங் பெண்ணின் சனிக்கிழமைச் சம்பளத்தில் வந்து விழுந்தது.

தாங்கிக்கொள்ள இரண்டு வழிகள். சந்தையை விரிப்பது ஒன்று: 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தம் அங்கே புதிய இடம் தரும். திருப்பூர்க் காதர்பேட்டையின் மொத்தக் கடைகள் வழியாக உள்நாடெங்கும் போகும் சரக்கையும் யாரும் குறைவாக எடைபோட வேண்டாம். பருத்தியை விட்டுச் செயற்கை இழை ஆடைகளுக்கும் மாறுவது இரண்டாவது. உலகம் அதிகம் வாங்குவது அவற்றைத்தான், திருப்பூர் அதில் பின்தங்கியிருக்கிறது.

தெருவோர வியாபாரிகளும் இந்தக் கணக்கில் வருவார்களா?

கட்டாயம் வருவார்கள். 2014இல் வந்த தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுத்துச் சான்றிதழ் தராமல் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். உங்கள் ஊரில் அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று நகராட்சியில் எழுத்து மூலம் கேளுங்கள்.

ஜாப் ஒர்க் செய்து கொடுத்தேன். மாதக்கணக்கில் பணம் வரவில்லை. என்ன செய்வது?

சிறு பட்டறைகள் நசிந்துபோவதற்கு வேலையின்மையைவிட இதுதான் பெரிய காரணம் என்பேன். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ வாங்கியவர், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் கொடுத்தாக வேண்டும். 2006ஆம் ஆண்டுச் சட்டம் அது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையைக் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்று வருமான வரிச் சட்டமும் சேர்ந்து இறுக்கியிருக்கிறது. புகாரை இணையம் வழியாகவே பதியலாம். டெலிவரி சலானில் பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தும் தேதியும் இல்லாமல் சரக்கை ஒருபோதும் இறக்காதீர்கள். வழக்கு நிற்பது அந்தச் சீட்டின் மேல்தான்.

சிறு பட்டறை தொடங்க நினைக்கிறேன். முதலில் எங்கே போக வேண்டும்?

உங்கள் மாவட்டத் தொழில் மையத்துக்கு. உத்யம் பதிவு ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் இணையத்தில் முடிந்துவிடும், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இடைத்தரகரை விட்டு விலகுங்கள். மத்திய அரசின் பிஎம்இஜிபி (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும்) திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் மதிப்பு வரை மானியக் கடன் உண்டு. பட்டமோ டிப்ளமோவோ ஐடிஐயோ படித்தவர்களுக்கு மாநில அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மானியம், உச்சவரம்பு 75 லட்சம். பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 2023இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் திட்டத்தில் 35 சதவீதம்.

திட்ட அறிக்கையை யாரோ தட்டச்சு செய்து கொடுத்தபடி கொண்டுபோகாதீர்கள். எந்திரத்துக்கு இரண்டு இடத்தில் விலைப்பட்டியல் வாங்குங்கள். முதல் ஆறு மாதம் யாரிடமிருந்து வேலை வரும் என்பதைப் பெயரோடு எழுதுங்கள். முடிந்தால் அந்தக் கம்பெனியிடமிருந்து ஒரு கடிதம் வாங்கி இணைத்துவிடுங்கள். வங்கி மேலாளர் முதலில் புரட்டிப் பார்க்கும் பக்கம் அதுதான்.